கியர் பொக்ஸ் இறக்காமல் கிளட்ச் பார்த்த கராஜ்

திருகோணமலையில் பழைய ஹைலக்ஸ் ஓட்டுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். கண்டி வீதியில், அநுராதபுரச் சந்திக்குக் கிட்ட இருக்கிற சின்ன கராஜ் இது. பெயர்ப்பலகைகூட இல்லை.

என்னுடையது மீன் பெட்டி ஏற்றுகிற சிங்கிள் கெப். கொஞ்ச நாளாக ரிவர்ஸ் போட்டால் கறகறவென்று கத்தும். ரிவர்ஸுக்கு சின்க்ரோ (கியர் பற்களின் வேகத்தைச் சமப்படுத்துகிற வளையம்) இல்லாததால், கிளட்ச் முழுசாக விடாவிட்டால் முதலில் அங்கேதான் தெரியும். பெடலை இரண்டு மூன்று தரம் குத்தி மிதித்தால் கியர் விழுந்துவிடும். முன் கியரில் பெடலை மிதித்துக்கொண்டே நின்றால் வண்டி மெல்ல முன்னுக்கு ஊரும். வேறோர் இடத்தில் காட்டியபோது, குனிந்துகூடப் பார்க்காமல் "கியர் பொக்ஸ் இறக்கி பிளேட் மாத்த வேணும்" என்றார்கள்.

இந்த கராஜ் பாஸ் பொனட்டைத் திறந்து கிளட்ச் ஒயில் டப்பாவைப் பார்த்தார். மட்டம் குறையவில்லை, ஆனால் ஒயில் கறுத்திருந்தது. அப்புறம் பெடலுக்கு மேலே, மிதிக்கும்போது ஒயிலைத் தள்ளுகிற மாஸ்டர் சிலிண்டரின் பின்பக்கத்தை விரலால் தடவினார், ஈரமில்லை. கீழே, அந்த ஒயில் வந்து தண்டைத் தள்ளிக் கிளட்சை விடுவிக்கிற ஸ்லேவ் சிலிண்டரின் ரப்பரை விலக்கினார், அதுவும் காய்ந்தபடி. பொடியனைப் பெடலை மிதித்துப் பிடிக்கச் சொல்லிவிட்டு என்னையும் அடியில் கூப்பிட்டார். ஸ்லேவ் தண்டு வெளியே தள்ளியது. பொடியன் காலை எடுக்கவேயில்லை, தண்டு மட்டும் மெதுவாகத் திரும்பி வந்தது. ஹோஸ் வீங்கவுமில்லை.

"வெளியில ஒழுக்கில்ல, தண்டு திரும்புது. மாஸ்டர் சீல் உள்ளுக்க விடுது தம்பி. பிளேட் பிழையெண்டா, தண்டு முழுசாத் தள்ளி நிண்டும் கிளட்ச் விடாது."

சீல் கிட் (உள் ரப்பர்கள்) மட்டும் போதுமா என்று கேட்டேன். சிலிண்டரைக் கழற்றி உள்ளே விரல் விடச் சொன்னார். சுவரில் பொடிப்பொடியாகப் பள்ளம். கிளட்சுக்கும் ஊற்றுகிற பிரேக் ஒயில் ஈரத்தை உறிஞ்சும். வருஷக்கணக்கில் மாற்றாமல் விட்டால் உள்ளே அரித்துவிடும். அதில் புது சீல் போட்டாலும் நின்று பிடிக்காது. ஆகவே முழு சிலிண்டரும் புதிது, டொட் 3 ஒயில், குழாய்க்குள் நிற்கிற எயாரைப் பொறுமையாக எடுத்தல். இப்போது ரிவர்ஸ் சத்தமே இல்லாமல் விழுகிறது.

குறை இல்லாமல் இல்லை. பாகங்களை நாமே தேடி வாங்கிக் கொடுக்க வேண்டும், உட்கார நிழல் கிடையாது, பில்லும் கேட்டால்தான். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பூட்டிவிடுவார். பாகம் வாங்க அலைய வேண்டி வரும், காலையிலேயே போங்கள்.