வீடு விற்பனைப் படங்கள்: சென்னையில் ஒரு நெடுநாள் தொழில் அனுபவம்

வீடு விற்பனைக்கும் வாடகைக்குமான படங்களை எடுத்துத் தருவதைப் பகுதிநேர வேலையாகத் தொடங்கி, சில ஆண்டுகளாக அதையே முழுநேரத் தொழிலாகச் செய்துவருகிறேன். ஓ.எம்.ஆர். பக்கத்துப் புதிய அடுக்ககங்கள், மேற்கு மாம்பலம், நங்கநல்லூர் போன்ற பகுதிகளின் பழைய ஃப்ளாட்டுகள், தாம்பரத்துக்கு அப்பாலுள்ள தனி வீடுகள் ஆகியவை என் வேலைக்களம். எந்தக் கேமராவை வாங்கலாம் என்று அறிய வருபவர்களுக்கு இந்தப் பகிர்வு சற்று ஏமாற்றமளிக்கலாம். நான் பயன்படுத்துவது 2018இல் வெளிவந்த சோனி ஏ7 மார்க் 3, 24 மெகாபிக்சல். விற்பனைத் தளங்கள் எந்தப் படத்தையும் சுருக்கித்தான் வெளியிடுகின்றன என்பதால், இதைவிடக் கூடுதல் பிக்சல்களுக்கு இந்த வேலையில் இடமே இல்லை. கேமராவைப் பற்றிச் சொல்ல இவ்வளவுதான் இருக்கிறது.

லென்ஸைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டும். மி.மீ. எண் குறையக் குறைய லென்ஸ் காட்டும் பரப்பு அகலமாகும். 16-35 மி.மீ. அகலக் கோண லென்ஸை வாங்கும் எவரும் முதலில் அதை 16இல் வைத்துத்தான் எடுப்பார்கள். புரோக்கர்களும் பில்டர்களும் அதையே கேட்பார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் அந்த ஆசை எங்கே கொண்டுபோய் விடுகிறது என்பது தெரியும். பத்தடி அகலமுள்ள படுக்கையறையில், எதிர்ச்சுவரிலிருந்து பதினோரடி தள்ளி நின்று 24 மி.மீ.யில் எடுத்தால், அந்தத் தூரத்தில் சுமார் பதினாறரை அடி அகலம் சட்டகத்துக்குள் வரும். எனவே எதிர்ச்சுவர் படத்தின் அகலத்தில் அறுபது விழுக்காட்டை நிரப்பும். அதே இடத்தில் நின்று 16 மி.மீ.யில் எடுத்தால் ஏறத்தாழ இருபத்தைந்து அடி அகலம் உள்ளே வந்துவிடும். எதிர்ச்சுவர் நாற்பது விழுக்காடாகச் சுருங்கும். சுவர் சிறுத்ததும் அது வெகுதொலைவில் இருப்பதாகக் கண் எடுத்துக்கொள்கிறது. பத்துக்குப் பன்னிரண்டு அறை கல்யாண மண்டபம்போல் நீள்கிறது. சட்டகத்தின் ஓரத்தில் நிற்கும் ஃப்ரிட்ஜ் பக்கவாட்டில் இழுபட்டு இரண்டு கதவு அலமாரியின் பருமனுக்கு வந்துவிடுவதும் இதோடு சேர்ந்த விளைவுதான்.

இதன் பலனை அனுபவிப்பவர் புரோக்கர். படத்தைப் பார்த்துச் சனிக்கிழமை வேலையை விட்டுவிட்டு வேளச்சேரியிலிருந்து குடும்பத்தோடு வரும் ஒருவர், வாசலில் நின்றபடியே ஹாலை ஒருமுறை பார்த்துவிட்டு, சமையலறைக்குள் நுழையாமலே திரும்பிவிடுவார். விசாரிப்பு பெருகி விற்பனை நகராமல் போவதை இரண்டு மூன்று முறை பார்த்த புரோக்கர்களே, பிறகு என்னிடம் அகலத்தைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார்கள். இப்போது என் படங்களில் பெரும்பகுதி 20க்கும் 24க்கும் இடையில் எடுக்கப்பட்டவை. 16ஐக் குளியலறைக்கும், பின்னால் நகர இடமே இல்லாத சமையலறைக்கும் மட்டும் வைத்திருக்கிறேன். இந்த வேலைக்காக 14 மி.மீ. லென்ஸ் வாங்க நினைப்பவர்கள் அந்தப் பணத்தை ட்ரைபாடில் போடுவது நல்லது என்பது என் துணிபு.

ட்ரைபாட் என்று சொல்லும்போது கால்களைவிட, கேமராவைப் பொருத்தித் திருப்பும் தலையே முக்கியம். வீட்டுப் படத்தில் சுவர், கதவு நிலை, ஜன்னல் சட்டம் ஆகியவற்றின் செங்குத்துக் கோடுகள் சாய்ந்திருந்தால், காரணம் புரியாவிட்டாலும் பார்ப்பவருக்கு உறுத்தும். கேமராவைச் சிறிது மேலோ கீழோ சாய்த்தாலே கோடுகள் குவியத் தொடங்கும் என்பதால், மட்டம் பிசகாமல் வைப்பதுதான் இங்கே கைத்திறன். பந்துத் தலையில் ஒரு பக்கத்தைச் சரிசெய்தால் இன்னொரு பக்கம் நழுவும். ஒவ்வொரு அச்சையும் தனித்தனித் திருகால் நகர்த்தும் கியர் ஹெட், கனமாகவும் மெதுவாகவும் இருந்தாலும், நான் வாங்கிய பொருள்களில் பணத்துக்கு முழு மதிப்பைத் தந்தது. கேமராவை ஏறத்தாழ நெஞ்சுயரத்தில் வைக்கிறேன். சமையலறையில் மேடையின் மேற்பரப்பு தெரியும் அளவுக்குச் சற்று உயர்த்துவதும், படுக்கையறையில் கட்டில் மட்டத்தை நோக்கிச் சற்று இறக்குவதும் வழக்கம்.

அடுத்தது வெளிச்சம். அறைக்குள் இருக்கும் நிழலுக்கும் ஜன்னலுக்கு வெளியே கொளுத்தும் வெயிலுக்கும் உள்ள வேறுபாட்டை ஒரே எக்ஸ்போஷரில், அதாவது கேமராவுக்குள் விடும் ஒரே வெளிச்ச அளவில், அடக்க முடியாது. ஒரே கோணத்தில் வெவ்வேறு எக்ஸ்போஷரில் ஐந்து படங்களை எடுத்துக் கணினியில் இணைப்பதும், அதோடு கூரையை நோக்கி ஃப்ளாஷ் அடித்த ஒரு படத்தைச் சேர்ப்பதும் உலகெங்கும் உள்ள முறைகள்தாம். நம் வீடுகளில் அதற்கென்று தனிச் சிக்கல்கள் உண்டு. ஐந்து படம் எடுத்து முடிப்பதற்குள் மின்விசிறி ஐந்து விதமாகச் சுழன்றிருக்கும். ஆகவே அதை நிறுத்த வேண்டும். மே மாதத்தில், ஆள் குடியிருக்கும் வீட்டில், மதியம் ஒரு மணிக்கு மின்விசிறியை நிறுத்தச் சொல்வது நட்பை வளர்க்கும் செயல் அன்று. ஜன்னலில் அடித்திருக்கும் கொசுவலை, வெளியே உள்ள வேப்பமரத்தைச் சாம்பல் திரையாக்கிவிடும். அதன் நுண்கண்ணிகள் சென்சாரோடு மோதி அலையலையாகக் கோலம் போடும். நகர்த்தக்கூடிய வலையாக இருந்தால் நகர்த்திவிடுவேன். ஆணியடித்த வலையென்றால் அந்த ஜன்னலைச் சட்டகத்துக்கு வெளியே விட்டுவிடுவேன்.

பல வீடுகளில் ஹாலில் 6500 கெல்வின் (ஒளியின் நிறத்தைக் குறிக்கும் அளவு) வெள்ளை டியூப் லைட்டும், பொய்க்கூரையில் 3000 கெல்வின் மஞ்சள் விளக்கும், ஜன்னல் வழியே பகல் வெளிச்சமும் ஒருசேர எரியும். வெள்ளைச் சுவர் ஒன்றில் மூன்று நிறம் தெரிய இதுவே காரணம். போதாக்குறைக்கு, 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் மலிவான எல்.இ.டி. விளக்குகள் நொடிக்கு நூறு முறை துடிப்பதால், வேகமான ஷட்டரில் எடுத்த படங்களில் கருப்புப் பட்டைகள் விழும். பகல் வெளிச்சம் போதுமானதாக இருக்கும் அறையில் எல்லா விளக்குகளையும் அணைத்துவிட்டு எடுப்பதே இப்போது என் முறை. வீட்டுக்காரர்கள் பெரும்பாலும் இதை நம்ப மறுப்பார்கள். நாம் வருகிறோம் என்று எல்லா விளக்கையும் போட்டு வைத்திருப்பவர்களிடம் இதைப் பக்குவமாகச் சொல்ல வேண்டும்.

முகப்புப் படத்துக்கு வீடு எந்தத் திசையைப் பார்க்கிறது என்பதைக் கேட்காமல் நேரம் குறிப்பதில்லை. அதைக் கேட்டால் எவரும் வியப்பதும் இல்லை. வாஸ்து காரணமாக அந்தத் தகவல் எல்லோரின் நாவிலும் தயாராக இருக்கிறது. கிழக்குப் பார்த்த வீட்டைக் காலை ஒன்பதுக்குள்ளும் மேற்குப் பார்த்த வீட்டை நான்கு மணிக்கு மேலும் எடுத்துவிடலாம். வடக்குப் பார்த்த வீடுதான் சோதனை. சென்னை 13 பாகை வடக்கில் இருப்பதால், ஏப்ரல் கடைசி வாரம் முதல் ஆகஸ்ட் நடுப்பகுதி வரைதான் உச்சிச் சூரியன் தலைக்கு வடக்கே நகர்கிறது; செப்டம்பர் இறுதி முதல் மார்ச் மூன்றாம் வாரம் வரை வடக்கு முகப்பில் நேரடி வெயிலே விழாது. அந்த மாதங்களில் வடக்கு வாசல் வீடுகளை அந்தியில், உள்விளக்குகளைப் போட்டு, வானம் நீலமாக இருக்கும்போது எடுக்கிறேன். நம் ஊரில் அந்த வெளிச்சம் நிற்பது இருபது நிமிடம்கூட இல்லை. மேலைநாட்டுக் காணொளிகளில் அந்தி நெடுநேரம் நீடிப்பதைப் பார்த்துவிட்டு இங்கே திட்டமிடக் கூடாது.

ஆள் குடியிருக்கும் வீட்டில் வேலை செய்வது தனிக் கலை. வீட்டை விற்பவர் உரிமையாளர். காலி செய்ய வேண்டியவர் வாடகைக்கு இருப்பவர். கதவைத் திறந்துவிடுபவர் அந்த இரண்டாமவர். அவருக்கு நம் வரவில் எந்த லாபமும் இல்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, ‘அம்மா, எந்த ரூமுக்கு முதல்ல வரலாம்?’ என்று கேட்டுத் தொடங்கினால் பாதி வேலை முடிந்தது. பூஜையறையைக் கேட்காமல் எடுப்பதில்லை. மாலை போட்ட முன்னோர் படங்கள், குழந்தைகளின் பள்ளிச் சான்றிதழ்கள், பெயர்ப்பலகை, காரின் எண் ஆகியவை சட்டகத்தில் வராமல் பார்த்துக்கொள்வதும், தவிர்க்க முடியாதபோது மங்கலாக்குவதும் நம் பொறுப்பு. பொருள்களை நகர்த்துவதற்கு முன் கைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொண்டால், எல்லாவற்றையும் இருந்த இடத்திலேயே திருப்பி வைக்கலாம். மின்வாரியத்தின் பராமரிப்பு மின்தடை அறிவிப்பை முந்தைய நாளே பார்த்துவிடுவது நல்லது. லிஃப்ட் இயங்காத ஒன்பதாவது மாடிக்கு இந்தக் கியர் ஹெட்டைத் தூக்கிச் செல்வது உடலுக்குத் தெரியும்.

ட்ரோன் வாங்கலாமா என்ற கேள்விக்கு, சென்னையைப் பொறுத்தவரை, அவசரம் வேண்டாம் என்பதே என் பதில். 2021ஆம் ஆண்டின் ட்ரோன் விதிகளின்படி 250 கிராமுக்கு மேற்பட்ட ட்ரோனைத் தொழிலுக்குப் பறக்கவிடப் பைலட் சான்றிதழ் வேண்டும். விமான நிலையச் சுற்றுவட்டாரங்களில் பறக்க முன் அனுமதி வேண்டும். மீனம்பாக்கம் விமான நிலையமும் தாம்பரம் விமானப்படைத் தளமும் அருகருகே இருக்கும் நகரத்தில் பல்லாவரம், குரோம்பேட்டை, நங்கநல்லூர் எல்லாம் அந்த வளையத்துக்குள் வந்துவிடுகின்றன. மனைப்பிரிவுகளை எடுக்க வேண்டியிருந்தால், சான்றிதழ் உள்ள ஒருவரை அன்றைக்கு மட்டும் அமர்த்திக்கொள்வது எனக்குக் கட்டுப்படியாகிறது.

பில்டர்களின் மாடல் ஃப்ளாட்டுகளில் வருமானம் கூடுதல், சங்கடமும் கூடுதல். நீளம் குறைத்துச் செய்த கட்டில், கதவே மாட்டாத அறை வாசல், ஒரு சுவர் முழுக்க நிலைக்கண்ணாடி என்று அந்த வீடே ஏற்கெனவே ஒரு அகலக் கோண லென்ஸாகத்தான் இருக்கும். ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், 2016இன் 12ஆவது பிரிவு, விளம்பரத்திலோ மாடல் ஃப்ளாட்டிலோ காட்டப்பட்ட தவறான தகவலை நம்பி முன்பணம் கட்டி இழப்படைந்தவருக்குப் பில்டர் இழப்பீடு தர வேண்டும் என்கிறது. பொறுப்பு பில்டருடையதுதான், ஆனாலும் அந்த விளம்பரத்தில் இருப்பது நாம் எடுத்த படம். திருத்தங்களில் நான் ஓர் எல்லை வைத்திருக்கிறேன். துடைத்தால் போகக்கூடிய கறை, எடுத்தால் போகக்கூடிய குப்பைத்தொட்டி, மேகமூட்டமான வானம் ஆகியவற்றை மாற்றுவேன். வாசலில் நிற்கும் டிரான்ஸ்ஃபார்மரையும், பால்கனிக்கு மூன்றடியில் எழும்பியிருக்கும் அடுத்த கட்டடத்தின் சுவரையும் அழித்துத் தரக் கேட்டால் மறுத்துவிடுகிறேன். இதனால் சில வாடிக்கையாளர்கள் போனதுண்டு.

பணத்தைப் பற்றி. இது ஆண்டு முழுவதும் ஒரே சீராக ஓடும் தொழில் அன்று. ஆடியிலும் மார்கழியிலும் தனிநபர் விற்பனை தூங்கும். ஐப்பசி மழையில் முகப்புப் படம் எடுக்க முடியாது. தையிலிருந்து வைகாசி வரை ஓய்வே இருக்காது. புரோக்கர்கள் பெரும்பாலும் அன்றைக்கே தந்துவிடுவார்கள். பில்டர் அலுவலகங்களில் பில் கணக்குப் பிரிவைத் தாண்டி வர மாதங்கள் ஆவதுண்டு. ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜி.எஸ்.டி. பதிவும் 18 விழுக்காடு வரியும் வந்து சேரும். இன்னொன்றையும் புதியவர்கள் அறிந்திருக்க வேண்டும். படத்தின் உரிமை எடுத்தவருக்கே என்ற அமெரிக்க அறிவுரையை இங்கே நம்பி விலை பேசுகிறார்கள். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957இன் 17ஆவது பிரிவின்படி, ஒருவர் கேட்டுப் பணம் கொடுத்து எடுக்கச் செய்த ஒளிப்படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், அவரே முதல் உரிமையாளர். நம் படம் வேறொரு புரோக்கரின் விளம்பரத்தில் வேறு விலையோடு உலவுவதைக் கண்டு கேட்கப் போனால், எழுத்தில் ஒன்றும் இல்லாத நமக்குக் கேட்கும் தகுதியே இருக்காது. ஒரே பக்கத்தில் எழுதிய ஒப்பந்தம் போதும். வாட்ஸாப்பில் பேசி முடிப்பது போதாது.

கருவிகளைப் பேணுவதில் ஒரே எச்சரிக்கை ஈரப்பதம். ஏ.சி. ஓடிக்கொண்டிருக்கும் அறையிலிருந்து பால்கனிக்கு வந்தால் லென்ஸ் பனிபடர்ந்து கால் மணி நேரம் வீணாகும். எனவே பால்கனிகளை முதலில் எடுத்துவிடுவேன். ஓய்வு மாதங்களில் லென்ஸைப் பையிலேயே விட்டால் பூஞ்சை பிடிக்கும். ஈரப்பதத்தைக் குறைத்து வைக்கும் டிரை கேபினெட் என்ற பெட்டி இங்கே ஆடம்பரம் அன்று.

கைபேசிகளில் அகலக் கோண லென்ஸ் வந்த பிறகு வாடகை வீட்டுப் படங்களைப் புரோக்கர்கள் தாங்களே எடுத்துக்கொள்கிறார்கள். அந்த வேலை திரும்பி வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அந்த இடத்தைச் சிங்கப்பூரிலும் அமெரிக்காவிலும் வளைகுடாவிலும் இருக்கும் உரிமையாளர்கள் நிரப்பியிருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரே வீட்டில் இரண்டு தொகுப்புகள் வேண்டும். ஒன்று விளம்பரத்துக்கு. மற்றொன்று அவர்கள் பார்வைக்கு மட்டும்: குளியலறைக் கூரையில் நீர்க்கசிவு, ஜன்னலடியில் பூத்திருக்கும் உப்பு, கரையான் ஏறிய கதவு நிலை, மீட்டர் பெட்டியின் நிலை, எல்லாம் அளவுகோலை அருகில் வைத்து 35 மி.மீ.யில் எடுத்தவை. இரண்டாவது தொகுப்புக்குத் தனிக் கட்டணம் வாங்குகிறேன். முதல் தொகுப்புக்கு ஐந்நூறு ரூபாய் குறைக்கச் சொல்பவர்கள்கூட இதற்குப் பேரம் பேசியதில்லை.