முதல் மைதானக் கச்சேரி: டிக்கெட்டா, தெருவா, திருவையாறா?

அக்கா மகள் பிளஸ் டூ முடித்த கையோடு கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "மாமா, திறந்தவெளியில ஒரு கச்சேரி பாக்கணும்." டிவிக்கு வெளியே அவள் அதுவரை கச்சேரியே பார்த்ததில்லை. கடலூரிலிருந்து போய்வரக்கூடிய மூன்று வகைக்கும் இப்போது கூட்டிப்போய்விட்டேன். வரிசையைத்தான் தலைகீழாக்கிவிட்டேன்.

முதலில் போனது டிக்கெட் கச்சேரி. புதுச்சேரிப் பக்கம் ஒரு மைதானம், சினிமாப் பாட்டு, ஆளுக்கு 1,200 ரூபாய். வாசலில் தண்ணீர் பாட்டிலைப் பிடுங்கிப் போட்டார்கள். உள்ளே போனால் அதே தண்ணீர் 50 ரூபாய். செல்போனில் சிக்னல் செத்துவிட்டதால் ஜிபேயும் ஓடவில்லை, சட்டைப்பையில் கிடந்த நோட்டுதான் காப்பாற்றியது. முதல் நாள் பெய்த மழையில் தரை சொதசொத என்றிருந்தது. நாங்கள் நின்ற இடத்துக்கு நேர் எதிரே லைட் கம்பம். பாடகரைத் திரையில்தான் பார்த்தோம், அதுவும் வாய் முதலில் அசைந்தது, குரல் பிறகு வந்தது.

"மாமா, சும்மா வாயசைக்கிறாரா?"

பாவம், அவர் நிஜமாகத்தான் பாடினார். ஒலி நொடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர்தான் ஓடும். நூறு மீட்டர் தள்ளி நின்றால் கால் நொடிக்கும் மேல் பிந்திவிடும். விவரம் தெரிந்தவர்கள் சவுண்ட் மிக்ஸர் போட்டிருக்கும் பந்தலை ஒட்டி நிற்கிறார்கள். இன்ஜினியர் தன் காதுக்குத்தானே சரிசெய்கிறார்; மைதானத்திலேயே நல்ல ஓசை அங்கேதான். இது எனக்குத் தெரியவந்தபோது கடைசிப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

ஐந்து மணிக்கு வரச்சொல்லிவிட்டு ஆரம்பித்தது ஏழே முக்காலுக்கு. 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிப்படி தனி அனுமதி இல்லாவிட்டால் இரவு பத்துக்கு மேல் வெளியில் ஒலிபெருக்கி கூடாது. தாமதமான நேரமெல்லாம் நம் பாட்டுக் கணக்கில்தான் வெட்டு. வெளியேற ஒரே கேட். வீடு வந்தபோது மணி ஒன்றரை. ஆனாலும் ஒன்றைச் சொல்லாமல் விட்டால் பாவம்: தெரிந்த பாட்டின் பல்லவியை மைதானம் மொத்தமும் சேர்ந்து எடுத்தபோது எனக்கே மயிர்க்கூச்செறிந்தது. அந்த 1,200 ரூபாய் அதற்குத்தான்.

இரண்டாவது, ஜூன் 21. பிரான்ஸில் 1982ல் ஜாக் லாங் கலாச்சார அமைச்சராக இருந்தபோது தொடங்கிய இசைத் திருநாள். வாசிக்கத் தெரிந்தவர் யாரானாலும் தெருவில் வாசிக்கலாம், கேட்க வருகிறவருக்குக் காசில்லை. பிரெஞ்சு உறவு விடாத புதுச்சேரியிலும் அது நடக்கிறது. (யோகா தினமும் அன்றுதான்; காலையில் மூச்சைப் பிடி, சாயங்காலம் விடு.) இடமும் நேரமும் வருஷத்துக்கு வருஷம் மாறும், விசாரித்துக்கொண்டு போங்கள். நாங்கள் போன வருஷம் ஒரு பையன் நடைபாதையில் குந்தி கிட்டாருக்குச் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் அவன் அம்மா, மடியில் பிளாஸ்க். பாட்டு சுமார்தான். ஆனால் பிடிக்கவில்லையென்றால் நாற்பது அடி நடந்தால் போதும், அடுத்த மூலையில் பறை. அங்கே போனதும் இவளுக்குத் தோள் தானாக ஆட ஆரம்பித்துவிட்டது. அலுத்தால் கடற்கரைச் சாலை இருக்கிறது. சாயங்காலம் வண்டிகளை விடமாட்டார்கள், காந்தி சிலை மேடையில் காலை நீட்டி உட்காரலாம்.

குறையும் உண்டு. இரண்டு குழுக்களுக்கு நடுவில் மாட்டிக்கொண்டால் இரண்டும் கேட்காது. ஜூன் புழுக்கத்தில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். பெரிய பெயர்களை எதிர்பார்த்துப் போகிறவர் ஏமாந்துதான் திரும்புவார்.

திருவையாறு தனி ரகம். ஜனவரி வாக்கில், தியாகராஜர் மறைந்த புஷ்ய பகுள பஞ்சமியன்று, காவிரிக்கரைப் பந்தலில் நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ என்று ஐந்து ராகக் கீர்த்தனைகளையும் வித்வான்கள் வரிசையாக உட்கார்ந்து ஒன்றாகப் பாடுகிறார்கள். டிக்கெட் கிடையாது, தரையில் உட்கார வேண்டும். கடலூரிலிருந்து 150 கிலோமீட்டர் போல வரும், விடியுமுன் கிளம்பணும். வீட்டில் ஒருவராவது பாட்டு கற்றவர் இருந்தால் போங்கள். இல்லாவிட்டால் யாரென்று தெரியாத கல்யாண வீட்டுக்குள் நுழைந்த மாதிரி இருக்கும், எங்களுக்கு இருந்தது.

ஆகவே முதல் தடவைக்கு என் ஓட்டு தெருவுக்கு. நடுவில் கிளம்பினால் நஷ்டமில்லை, கூட்டமும் ஒலியும் பழகிவிடும். டிக்கெட் அடுத்த முறைக்கு. அதிலும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை தேதி போட்டிருந்தால், மழை வந்தால் பணம் திரும்புமா என்று படித்துவிட்டு வாங்குங்கள். தானே புயல் இங்கே கரையேறியது 2011 டிசம்பர் 30ஆம் தேதி. கடலூர்க்காரன் வருஷக் கடைசி வானத்தை நம்பமாட்டான்.

பிறகு காது. கச்சேரி நடக்கும் இடங்களில் சராசரி ஒலி 100 டெசிபலைத் தாண்டக்கூடாது என்று உலக சுகாதார அமைப்பு 2022ல் சொன்னது. ஸ்பீக்கருக்கு நேர் எதிரே நிற்கிறவருக்கு இதெல்லாம் யார் அளந்து சொல்வது? மெடிக்கல் ஷாப்பில் காதில் வைக்கிற பஞ்சு அடைப்பான் கிடைக்கிறது. திருகி மெல்லிசாக்கி உள்ளே விட்டால் தானே விரிந்துகொள்ளும், பாட்டும் கேட்கும். ஒரு ஜோடி வாங்கி வைத்திருக்கிறேன்.

அடுத்த மாதம் இன்னொரு மைதானக் கச்சேரியாம். காலேஜ் தோழிகளோடு போகிறாளாம். "நீங்க வேணாம் மாமா, அந்தப் பஞ்ச மட்டும் குடுங்க" என்றாள்.