காப்புரிமை எண்ணை நம்பி நாங்கள் வாங்கிய ஸ்டார் வீல்

பாட்டில் நிரப்பும் வரிசைக்குப் புதிய பாகம் வாங்க இருப்பவர்கள், குறிப்பாகக் "காப்புரிமை பெற்ற கண்டுபிடிப்பு" என்று கேட்டவுடன் மனம் இளகுபவர்கள், பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுவது நல்லது.

எங்கள் வரிசையில் கன்வேயரில் நெருக்கியடித்து வரும் பாட்டில்களை டைமிங் ஸ்க்ரூ என்ற சுழலும் திருகு இடைவெளிவிட்டுப் பிரித்து அனுப்ப, விளிம்பில் பள்ளங்கள் கொண்ட சக்கரமான ஸ்டார் வீல் பள்ளத்துக்கு ஒன்றாக ஏந்திக்கொண்டுபோய், திரவம் ஊற்றும் நாசிலுக்கு நேர்கீழே நிறுத்தும். பாட்டிலின் அளவு மாறினால் ஸ்க்ரூ, ஸ்டார் வீல், பக்கத் தடுப்பு மூன்றையும் கழற்றி வேறு மாட்ட வேண்டும். அதற்கு எங்களுக்கு 40 நிமிடம் பிடித்தது. அதை 5 நிமிடமாகக் குறைத்துக் காட்டுவதாக ஒரு நிறுவனம் வந்தது. பள்ளங்களுக்குப் பதிலாக 12 ஜோடி விரல்கள் கொண்ட சக்கரம் அது. திரையில் அளவைத் தட்டினால் சர்வோ மோட்டார் எல்லா விரல்களையும் ஒருசேர அமைத்துவிடும். யோசனை என்ற அளவில் அது எனக்கு இன்றும் பிடித்தே இருக்கிறது.

அவர்களுடைய பட்டறையில் சக்கரம் நிமிடத்துக்கு 120 பாட்டில்களைத் தடங்கலின்றிக் கடத்தியது. அவை கனமான, வட்டமான, காலிப் பாட்டில்கள். எங்களுடையவை ஓவல் வடிவத்தில், மெல்லிய பிளாஸ்டிக்கில் ஆனவை என்று சொன்னபோது, "ஓவல் என்றால் பிடி இன்னும் நன்றாக இருக்கும்" என்றார் விற்பனையாளர். நானும் தலையாட்டினேன்.

எங்கள் இடத்தில் மாட்டிய முதல் நாளே விஷயம் வெளுத்தது. விரல்கள் இறுகினால் பாட்டிலின் வயிறு உள்ளே அமுங்கி, அளந்து ஊற்றிய திரவம் கழுத்துக்கு மேல் ஏறி வழிந்தது. பிடியைத் தளர்த்தினால் பாட்டில் லேசாகச் சாய்ந்து, இறங்கி வரும் நாசில் அதன் வாய் விளிம்பில் இடித்தது. பின்னாலிருந்து வரும் நெருக்கலில் ஓவல் பாட்டில்கள் ஒன்றின் தோள்மேல் ஒன்று சரிந்து ஏறிக்கொண்டு, கோணலாகவே ஸ்க்ரூவுக்குள் நுழைந்தன. 70-க்கு மேல் வேகத்தைக் கூட்ட முடியவில்லை. அளவு மாற்றும்போது விரல்களைக் கையால் ஒவ்வொன்றாகச் சரிசெய்ய வேண்டியிருந்ததால், 5 நிமிடம் என்றது 50 நிமிடமாயிற்று.

அதன் பிறகுதான் விளம்பரத் தாளில் "உலகக் காப்புரிமை" என்று அச்சிட்டிருந்த எண்ணைத் தேடிப் பார்த்தேன். உலகக் காப்புரிமை என்று ஒன்று கிடையவே கிடையாது; காப்புரிமை நாட்டுக்கு நாடு தனியாகத்தான் வழங்கப்படுகிறது. டபிள்யூ.ஓ. என்று தொடங்கும் அந்த எண், சர்வதேச விண்ணப்பம் ஒன்று வெளியிடப்பட்டிருக்கிறது என்பதை மட்டுமே காட்டும். முதல் விண்ணப்பத் தேதியிலிருந்து 18 மாதம் கழிந்ததும், உரிமை கிடைத்ததா இல்லையா என்று பாராமலே அது வெளியாகிவிடும். உலக அறிவுசார் சொத்துரிமை அமைப்பின் பேட்டன்ட்ஸ்கோப் தளத்தில், இதே யோசனை முன்பே வந்திருக்கிறதா என்று பார்த்த தேடல் அறிக்கையும் இலவசமாகவே கிடைத்தது. அதில் இவர்களுடைய முதன்மைக் கோரிக்கைக்கு, அதாவது எதற்கு உரிமை கேட்கிறார்கள் என்று சொல்லும் முக்கிய வாசகத்துக்கு, எதிரே இரண்டு பழைய ஆவணங்கள் 'எக்ஸ்' குறியுடன் இருந்தன. அந்த ஆவணம் ஒன்றே போதும், இது புதிதல்ல அல்லது புத்தாக்கம் இல்லாதது என்று சொல்லிவிட, என்பதே அக்குறியின் பொருள். கால் மணி நேர வேலை. வாங்கும் முன் செய்திருக்க வேண்டியது. உண்மையாகவே உரிமை வழங்கப்பட்டிருந்தாலும், எங்கள் பாட்டில் அந்த விரல்களில் நிற்குமா என்பதை எந்தக் காப்புரிமை அலுவலகமும் சோதித்திருக்காது.

ஒப்பந்தத்திலும் கோட்டைவிட்டோம். "நிமிடத்துக்கு 120 பாட்டில்கள்" என்று எழுதி வாங்கினோமே தவிர, எந்தப் பாட்டில், நிரப்பியதா காலியா, தொடர்ந்து எத்தனை மணி நேரம், சாய்ந்து விழுபவை கணக்கில் சேருமா என்று ஒரு வரிகூட இல்லை. எங்கள் இடத்தில், எங்கள் பாட்டிலில் சோதனை முடியும்வரை கடைசித் தவணையைப் பிடித்துவைக்கும் நிபந்தனையும் இல்லை. முழுத் தொகையும் முன்பே போய்விட்டது.

இப்போது பழைய ஸ்டார் வீலே மீண்டும் சுழல்கிறது, அளவு மாற்ற அதே 40 நிமிடம் ஆகிறது, புதியது தார்ப்பாய்க்கு அடியில் கிடக்கிறது. பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு அவர்கள் அனுப்பிய பதிலில், எங்கள் பாட்டிலின் வடிவத்தை மாற்றிக்கொள்ளுமாறு ஆலோசனை சொல்லியிருக்கிறார்கள்.