டைனமோவா, ஆல்டர்னேட்டரா: பழைய அம்பாசிடருக்கு எது சரி?

1489 சிசி பெட்ரோல் இன்ஜின் போட்ட மார்க் 2, மார்க் 3 அம்பாசிடர் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கேள்வி ஒரு நாள் வந்தே தீரும். ஓடும்போது கரண்ட் உண்டாக்கி பேட்டரியை சார்ஜ் செய்யும் டைனமோ படுத்துவிட்டது. அதையே சரிசெய்து மாட்டுவதா, அதே வேலையைச் செய்யும் பிற்கால சாதனமான ஆல்டர்னேட்டருக்கு மாறுவதா? எந்த எலக்ட்ரீஷியனைக் கேட்டாலும் "அதைத் தூக்கிப் போட்டுட்டு ஆல்டர்னேட்டர் போடுங்க சார்" என்பார். அவர் சொல்வது பாதி சரி.

முதலில் கணக்கைப் பார்ப்போம். இந்த பி-சீரிஸ் இன்ஜின் குடும்பத்தில் வந்த லூகாஸ் சி40 டைனமோ நன்றாகச் சுற்றும்போது 22 ஆம்பியர் தரும். இரவில் டிம் லைட் இரண்டும் 110 வாட், பார்க்கிங், டெயில், நம்பர் பிளேட் விளக்குகள் 25, இக்னிஷன் காயில் 40, வைப்பர் 30 என்று உத்தேசமாக வைத்தாலே 205 வாட் ஆகிறது. 13 வோல்ட்டில் கிட்டத்தட்ட 16 ஆம்பியர். பிரேக் லைட், ஹாரன் எல்லாம் போக மிஞ்சுவதுதான் பேட்டரிக்கு. அதுவும் வண்டி ஓடும்போது மட்டும். சிக்னலில் ஐடிலில் நிற்கும்போது டைனமோ ஏறக்குறைய ஒன்றுமே தராது. டேஷ்போர்டில் சிவப்பு விளக்கு மினுங்குவது அதனால்தான்.

ஆல்டர்னேட்டர் ஐடிலிலேயே சார்ஜ் செய்யக் காரணம் அதன் அமைப்பு. டைனமோவில் முழுக் கரண்டும் சுற்றுகிற ஆர்மேச்சர் என்ற கம்பிச்சுருளிலிருந்து கார்பன் பிரஷ் வழியாக வெளியே வர வேண்டும். வேகம் கூடினால் பிரஷ் உரசும் செம்புப் பட்டை வளையமான கம்யூட்டேட்டர் தாங்காது. ஆல்டர்னேட்டரில் கரண்ட் பிறப்பது அசையாத ஸ்டேட்டர் என்ற வெளிச்சுருளில். பிரஷ் வழியாகப் போவது காந்தப்புலம் உண்டாக்கும் ஃபீல்டு சுருளுக்கான சில ஆம்பியர் மட்டுமே. அதனால் சின்ன புல்லி போட்டு வேகமாகச் சுற்ற விடலாம்.

அப்படியானால் டைனமோவை யார் வைத்துக்கொள்ளலாம்? ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் வண்டி எடுப்பவர், அசல் தோற்றம் கெடக்கூடாது என்பவர். டைனமோவின் பெரிய வசதி, அதன் பல பழுதுகளைக் கண்ணால் பார்க்கலாம். கழற்றிப் பிரித்தால் கம்யூட்டேட்டரின் செம்புப் பட்டைகளுக்கு நடுவே மைக்கா தெரியும். அது செம்போடு சமமாகவோ மேலே துருத்தியோ இருந்தால் பிரஷ் குதிக்கும், பொறி பறக்கும். லேத்தில் லேசாகக் கடைந்து, மைக்காவைச் செம்புக்குக் கீழே அறுத்துவிட வேண்டும். கூட்டின் உட்சுவரில் ஈயம் தெறித்து ஒட்டியிருந்தால் அந்த டைனமோ அளவுக்கு மீறிச் சூடாகியிருக்கிறது என்று அர்த்தம். ஆர்மேச்சரை ரீவைண்டிங் கொடுக்காமல் பிரஷ் மட்டும் மாற்றுவது வீண். பின்பக்க புஷ்ஷுக்கு ஒரு எண்ணெய்த் துளை உண்டு. சர்வீசின்போது இரண்டு மூன்று சொட்டு விட்டாலே அதன் ஆயுள் கூடும். பலர் அங்கே துளை இருப்பதையே கவனிப்பதில்லை.

டைனமோவின் தலைவலி அதுவல்ல, அதன் வோல்ட்டைக் கட்டுப்படுத்தி, பேட்டரியோடு இணைத்துப் பிரிக்கும் கட்-அவுட் பெட்டிதான். அதன் பாயிண்ட்டை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, ஸ்பிரிங்கை வளைத்து, காதால் கேட்டு செட் செய்த காலம் ஒன்று இருந்தது. இன்று அதைப் பொறுமையாகச் செய்பவர் உங்கள் ஊரில் இருக்கிறாரா என்று விசாரித்துவிட்டு முடிவெடுங்கள்.

மாறுவதென்றால் என் ஓட்டு லூகாஸ் ஏசிஆர் வகை ஆல்டர்னேட்டருக்கு. சென்னை பாடியில் லூகாஸ் டிவிஎஸ் இருப்பதால் இந்தக் குடும்பத்தின் பாகங்கள் நம் எலக்ட்ரீஷியன்களுக்குக் கைவந்தவை. 17ஏசிஆர் 36 ஆம்பியர் தரும். இந்த வண்டிக்குத் தாராளம். வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் உள்ளேயே இருப்பதால் கட்-அவுட் தொல்லை ஒழிந்தது. அடுத்த வாய்ப்பு, சென்னையின் பழைய வாகனப் பாகங்கள் விற்கும் புதுப்பேட்டை போன்ற இடங்களில் கிடைக்கும் மாருதி ஆல்டர்னேட்டர். சிறியது, லேசானது, விலையும் குறைவு. ஆனால் பிராக்கெட் செய்ய வேண்டும், புல்லியின் பள்ளம் நம் பெல்ட்டுக்குப் பொருந்த வேண்டும். வாஷர் அடுக்கி ஒப்பேற்றினால் பெல்ட் சாய்ந்து ஓடும். அதே பெல்ட்தான் வாட்டர் பம்பையும் சுற்றுகிறது. அறுந்தால் சார்ஜோடு நிற்காது, இன்ஜினும் கொதிக்கும். டைனமோ கூட்டுக்குள் ஆல்டர்னேட்டரை ஒளித்து வைத்த சாதனமும் வெளிநாடுகளில் விற்கிறது. கண்காட்சி வண்டிக்கு அழகு. தினசரி ஓட்டத்துக்கு அந்தச் செலவு தேவையில்லை.

எதைப் போட்டாலும் முதலில் பேட்டரியின் எந்த முனை பாடியில் இணைந்திருக்கிறது என்று பாருங்கள். பிரிட்டிஷ் வழி வந்த பழைய வண்டிகளில் பாசிட்டிவ் எர்த், அதாவது பாசிட்டிவ் முனையைப் பாடியில் இணைக்கும் முறை, உண்டு. மாற்றாமல் ஆல்டர்னேட்டரை இணைத்தால் டையோடுகள் அந்த நொடியே போய்விடும். டைனமோ இந்த விஷயத்தில் நல்ல பிள்ளை. பேட்டரியிலிருந்து அதன் எஃப் (ஃபீல்டு) முனையை ஒரு கணம் தொட்டால் திசை மாற்றிக்கொள்ளும்.

வயரிங்கில், டைனமோவின் டி முனையிலிருந்து (கரண்ட் வெளிவரும் முனை) வரும் பழைய கம்பி 22 ஆம்பியரை நினைத்துப் போட்டது. ஆல்டர்னேட்டருக்குத் தடித்த புதுக் கம்பி ஒன்றை நேராக பேட்டரிப் பக்கம் இழுத்துவிடுங்கள். நிறத்தை நம்ப வேண்டாம். இந்த வண்டிகளில் பாதி வயர் எப்போதோ யாரோ மாற்றியதாக இருக்கும், மீட்டர் வைத்துப் பார்ப்பதே சரி. அப்புறம் சிவப்பு சார்ஜ் விளக்கு. டைனமோவுக்கு அது வெறும் அறிவிப்பு, பல்பு ஃபியூஸ் போனாலும் சார்ஜ் ஆகும். ஏசிஆருக்கு முதல் ஃபீல்டு கரண்ட் அந்த 2.2 வாட் பல்பு வழியாகத்தான் போகிறது. அது எரியாவிட்டால் ஆக்சிலேட்டரை நன்றாக மிதிக்கும்வரை சார்ஜே வராது. எல்லா விளக்கையும் எல்இடி ஆக்கினாலும் அதை மட்டும் பழைய இழை பல்பாகவே விட்டுவிடுங்கள்.

எல்இடி பற்றி இன்னொன்று. டெயில், பார்க்கிங், நம்பர் பிளேட் விளக்குகளை எல்இடிக்கு மாற்றினால் அந்த 25 வாட்டில் பெரும்பகுதி மிச்சமாகும். பகலில் ஓட்டி, எப்போதாவது இரவில் வீடு திரும்புபவருக்கு நல்ல நிலையில் உள்ள டைனமோவும் இந்த மாற்றமும் போதும். இண்டிகேட்டரையும் எல்இடி ஆக்கினால் பழைய ஃபிளாஷர் ஒழுங்காகச் சிமிட்டாது. எலக்ட்ரானிக் ஃபிளாஷர் வாங்க வேண்டியிருக்கும்.