மோட்டாரை ஏஐ கையில் கொடுத்து ஒன்பது மாதம்

ரீவைண்டிங் (கருகிய கம்பிச்சுற்றை மாற்றுவது) முடிந்து மோட்டார் மறுபடி போர்வெல்லுக்குள் இறங்கியபோது எடுத்த போட்டோவை நேற்று ஸ்டேட்டஸில் போட்டேன். அதைப் பார்த்துவிட்டு பென்னாகரத்துப் பங்காளி ஒருவர் கூப்பிட்டு, "அந்த ஏஐயை எனக்கும் மாட்டிக் கொடுப்பா" என்றார். போனில் சொல்லி முடியாது, அதனால் இங்கே எழுதுகிறேன்.

எனக்கு ஓசூரில் வேலை. தோட்டம் பாலக்கோடு பக்கம், ஒன்றரை ஏக்கர் தக்காளி, சொட்டுநீர். அங்கே அப்பா மட்டும்தான். பழைய கம்ப்யூட்டர் ஒன்றில் ஹோம் அசிஸ்டென்ட் ஓடுகிறது, ஸ்விட்ச், வால்வு மாதிரி கருவிகளை இயக்கும் மென்பொருள் அது. 2024 ஜூன் வெளியீட்டிலிருந்து அதில் ஏஐ மாடலை இணைத்துக் கருவிகளை இயக்க விடலாம், எதை அதன் கண்ணில் காட்டுவது என்பதையும் நாமே தேர்ந்தெடுக்கலாம். நான் வால்வுகளோடு மோட்டார் ஸ்விட்சையும் காட்டிவிட்டேன்.

முதல் ஐந்து மாதம் அருமை. "கீழ்க்காட்டு வால்வ தொறந்து வுடு, அர மணி கழிச்சு மூடிரு" என்று அப்பா எங்கள் ஊர்ப் பேச்சிலேயே சொல்வார், அப்படியே செய்யும். அதுவரை பட்டன் போனைத் தாண்டி வராத மனுஷர் அவர். அவர் அதோடு பேசுவதைப் பார்த்தபோது எனக்கு உண்மையிலேயே மனசு நிறைந்தது.

மே மாதம் ஒரு மதியம், "நாத்தெல்லாம் வாடுதே" என்று அதனிடம் அலுத்துக்கொண்டிருக்கிறார். மோட்டாரைப் போடச் சொல்லவே இல்லை. அதுவாகப் போட்டுவிட்டது. காலையிலேயே ஓட்டியிருந்ததால் போரில் தண்ணி ஊறவில்லை. ஐம்பது நிமிஷம் காற்றைத்தான் இழுத்திருக்கிறது. சுற்றியுள்ள தண்ணிதான் சப்மெர்சிபிளை (தண்ணிக்குள் மூழ்கி ஓடும் மோட்டாரை) குளிர வைக்கும், அது இல்லாவிட்டால் காயில் தாங்காது. மேலே எடுத்துப் பிரித்தபோது கம்பியெல்லாம் கன்னங்கரேல், வார்னிஷ் கருகிய வாடை. தண்ணி இல்லாதபோது மோட்டார் இழுக்கும் கரண்ட் (ஆம்ப்ஸ்) இறங்குவதைப் பார்த்து நிறுத்த வேண்டிய டிரை ரன் ரிலேயை, அடிக்கடி டிரிப் ஆகுதென்று மார்ச்சில் பைபாஸ் செய்தது நான்தான். அந்தப் பழி என்னுடையது.

ஆனால் எனக்குக் கோபம் வேறு. 'மோட்டாரைப் போடும் முன் கட்டாயம் கேள்' என்று ஏஐக்கான குறிப்பில் (பிராம்ப்ட்) தெளிவாக எழுதியிருந்தேன். ஐந்து மாதம் கேட்டது. அன்றைக்குக் கேட்கவில்லை. "நாற்று வாடுவதாகச் சொன்னதால் மோட்டாரை இயக்கினேன்" என்று பதில் வேறு பதிவாகியிருக்கிறது. குறிப்பில் எழுதுவது வேண்டுகோள், பூட்டு அல்ல. அதற்கு வரும் மெசேஜில் யாராவது ஒளித்து எழுதிய வரியைக்கூட நம் கட்டளையாக எடுத்துக்கொள்ளும் ஆபத்து இருக்கிறது, பிராம்ப்ட் இன்ஜெக்‌ஷன் என்பது அதைத்தான்.

இப்போது ஸ்விட்சை அதன் கண்ணிலிருந்தே எடுத்துவிட்டேன். பதிலுக்கு இரண்டு ஸ்கிரிப்ட், அதாவது என்னென்ன செய்ய வேண்டும் என்று நான் முன்கூட்டியே எழுதி வைத்த வரிசை. நிறுத்துவதற்கு யாரையும் கேட்க வேண்டாம். போடுவதற்கு என் போனுக்கு 'சரி', 'வேண்டாம்' என்று இரண்டு பட்டனோடு நோட்டிபிகேஷன் வரும். இரண்டு நிமிஷத்துக்குள் நான் சரி கொடுத்தால்தான் ஓடும், மோட்டார் கடைசியாக நின்று இரண்டு மணி நேரம் ஆகாவிட்டால் என்னைக் கேட்காமலே மறுத்துவிடும். வால்வை மூடுவதும் லேசுப்பட்டதல்ல, மோட்டார் ஓடும்போது எல்லாவற்றையும் மூடினால் பைப் வெடிக்கலாம். ஆகவே வால்வுகளையும் ஸ்கிரிப்ட் வழியாக மட்டும் கொடுத்து, கடைசி வால்வு மூடும் முன் மோட்டார் நிற்கும்படி ஸ்கிரிப்டிலேயே வைத்துவிட்டேன். ஏஐ என்ன நினைத்தாலும் இதைத் தாண்ட முடியாது. ரிலேயும் மறுபடி வேலை செய்கிறது.

இதில் ஒரு எரிச்சல் இருக்கிறது. ஷிப்டில் போன் லாக்கரில் இருக்கும், இரண்டு நிமிஷம் ஓடிவிடும், அப்பா கடுப்பாகி நேரே பேனலுக்குப் போய்ப் பச்சைப் பட்டனை அமுக்கிவிடுவார். அனுமதியை அவர் போனுக்கு மாற்றலாம். ஆனால் எதைக் காட்டினாலும் 'சரி' என்று அமுக்குவார், அப்புறம் கேட்டும் பயனில்லை. வாரத்தில் நாலு நாள் இதே சண்டை.

நான் இதைக் கழற்ற மாட்டேன். அப்பா வெயிலில் நாலு தடவை நடப்பது குறைந்திருக்கிறது, அதை விட்டுக்கொடுக்க மனசில்லை. ஆனால் பங்காளி, உங்களுக்கு வேண்டாம். உங்கள் பேனலில் ரிலேயே கிடையாது, போன தடவை வந்தபோது நானே பார்த்தேன். முதலில் அதை மாட்டி ஒரு கோடை ஓட்டுங்கள், அதற்கு முன் கேட்டால் நான் வர மாட்டேன்.