ஃப்ரிட்ஜ் ஸ்பேர்ஸ்: எது காசுக்குத் தகும், எது தகாது

மேலே ஃப்ரீசரில் ஐஸ் கல்லாக இருக்கிறது, கீழே வைத்த பால் திரிந்துபோகிறது. டபுள் டோர் ஃப்ராஸ்ட் ஃப்ரீ ஃப்ரிட்ஜில் அதிகம் கேட்கப்படும் புகார் இதுதான். அதற்கு அதிகம் சொல்லப்படும் பதில் "கேஸ் போயிடுச்சு". பெரும்பாலும் அது தவறான பதில். மேலே குளிர் இருக்கிறது, அது கீழே இறங்கி வரவில்லை, அவ்வளவுதான். இதைச் சரிசெய்யச் சில நூறு ரூபாய்ப் பாகங்கள் போதும். இணையக் கடைகளிலும் ஊர்ச் சந்தையிலும் கிடைக்கும் அந்தப் பாகங்களில் எதை நம்பி வாங்கலாம், எதை அளந்து பார்க்காமல் தொடக் கூடாது என்பதைப் பார்ப்போம்.

எதற்கும் முன்னால் ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர் வேண்டும். சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கும் சாதாரண மீட்டரே போதும். மின்தடையை ஓமில் அளக்க வேண்டும், தொடர்ச்சி (அதாவது மின்சாரம் போக அறுபடாத பாதை) இருந்தால் பீப் அடிக்க வேண்டும். கீழே சொல்லும் சோதனைகளில், ஃப்ரிட்ஜை ஓடவிட்டுப் பார்ப்பவை தவிர மற்ற எல்லாமே பிளக்கைப் பிடுங்கிய பிறகு செய்பவை. மின்சாரம் ஓடும்போது அளக்கும் வேலையை மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள்.

முதலில் டீஃப்ராஸ்ட் செட். அதாவது உறைபனியை உருக்கும் ஹீட்டர், வெப்பத்தைப் பொறுத்து மூடித் திறக்கும் பைமெட்டல் ஸ்விட்ச், சூடு மீறினால் அறுந்துபோகும் தெர்மல் ஃப்யூஸ். காசுக்குத் தகுந்த பாகம் எது என்று கேட்டால் முதல் இடம் இதற்குத்தான். ஃப்ராஸ்ட் ஃப்ரீ ஃப்ரிட்ஜில் குளிர்விக்கும் காயில் ஃப்ரீசரின் பின்சுவர்ப் பலகைக்குள் ஒளிந்திருக்கிறது. ஒரு சின்ன ஃபேன் அந்தக் குளிர்காற்றை மேலும் கீழும் தள்ளுகிறது. கதவைத் திறக்கும்போதெல்லாம் உள்ளே வரும் ஈரம் காயிலில் உறைபனியாகப் படியும். கம்ப்ரஸர் ஏறக்குறைய 8 முதல் 12 மணி நேரம் ஓடியதும் அது நின்று, ஹீட்டர் 20, 30 நிமிடம் எரிந்து அந்தப் பனியை உருக்க வேண்டும். ஹீட்டர் எரியாவிட்டால் சில நாட்களில் காயில் முழுவதும் ஐஸ் கட்டிப் பாறையாகிவிடும், காற்று போக வழியிருக்காது. கீழ்த்தட்டு சூடாகும். ஃபேன் இறக்கை ஐஸில் உரசி கரகரவென்று சத்தம் போடும்.

இதை உறுதிசெய்யக் காசே வேண்டாம். ஃப்ரிட்ஜைக் காலிசெய்து, பிளக்கைப் பிடுங்கி, இரண்டு கதவையும் திறந்து 24 மணி நேரம் விடுங்கள். அடியில் பழந்துணி போடுங்கள், தண்ணீர் நிறைய வரும். மறுபடி போட்டதும் புது ஃப்ரிட்ஜ் மாதிரி குளிர்ந்து, ஒரு வாரம் போல ஓடிப் பழைய நிலைக்கே வந்தால் கோளாறு டீஃப்ராஸ்டில்தான். கேஸ் குறைந்த ஃப்ரிட்ஜ் ஐஸை உருக்கிவிட்டதால் மட்டும் குணமாகாது. அவசரப்பட்டுக் கத்தியாலோ ஸ்க்ரூ டிரைவராலோ ஐஸைக் குத்தினால் அலுமினியக் காயில் ஓட்டையாகும். அப்போதுதான் உண்மையிலேயே கேஸ் போகும்.

பலகையைக் கழற்றினால் காயிலின் மேல்பக்கம் க்ளிப் போட்டு மாட்டிய வட்டமான பைமெட்டல் தெரியும். இங்கேதான் பலர் நல்ல பாகத்தைக் குப்பையில் போடுகிறார்கள். அறை வெப்பத்தில் பைமெட்டலில் தொடர்ச்சி இருக்காது, இருக்கவும் கூடாது. அது சுமார் மைனஸ் 7 டிகிரிக்குக் கீழே மூடி, 10 டிகிரியைத் தாண்டும்போது திறக்கும். இந்த எண்கள் மாடலுக்கு மாடல் சற்று மாறும். அதைக் கழற்றி வேறொரு ஃப்ரீசரில் கால் மணி நேரம் வைத்து, எடுத்த உடனே அளந்து பாருங்கள். குளிரிலும் மூடவில்லை என்றால் மாற்றலாம். அறை வெப்பத்திலும் மூடியே இருந்தால் அது இன்னும் மோசம். பனி உருகிய பிறகும் ஹீட்டர் எரியும், 72 அல்லது 77 டிகிரியில் அறுந்துபோகும் தெர்மல் ஃப்யூஸ்தான் கடைசிக் காவல். ஆகவே ஃப்யூஸ் அறுந்திருந்தால் ஃப்யூஸை மட்டும் வாங்காதீர்கள், அதை அறுத்தது பைமெட்டலாக இருக்கலாம். இரண்டும் ஒரே வயரில் சேர்ந்து வரும் செட்டே சரியான கொள்முதல்.

நல்ல ஃப்யூஸ் குளிரிலும் அறை வெப்பத்திலும் ஏறக்குறைய பூஜ்யம் ஓம் காட்டும். ஹீட்டரில் எழுதியிருக்கும் வாட்டை வைத்துக் கணக்குப் போடலாம்: 230 வோல்ட்டில் 150 வாட் என்றால் 350 ஓம் போல, 200 வாட் என்றால் 265 ஓம் போல. மீட்டர் எதுவுமே காட்டாவிட்டால் ஹீட்டர் அறுந்துவிட்டது. வாங்கும்போது வாட், நீளம், வளைவு மூன்றும் பழையதோடு பொருந்த வேண்டும். "எல்லா மாடலுக்கும்" என்று விற்கும் ஹீட்டரை வாங்கி வளைத்து மாட்டும் வேலை வேண்டாம்.

ஃப்யூஸை இணைக்கும்போது சால்டர் வைத்தால் அந்தச் சூட்டிலேயே புது ஃப்யூஸ் அறுந்துவிடும். நசுக்கி இறுக்கும் க்ரிம்ப் இணைப்பான் போட்டு, மேலே ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் ஏற்றிச் சிலிக்கான் அடைக்க வேண்டும். சாதாரண இன்சுலேஷன் டேப் அந்த ஈரத்திலும் குளிரிலும் நாளடைவில் பிரிந்துவிடும்.

பழைய மாடல்களில் இந்தச் சுற்றை இயக்குவது நான்கு பின் டைமர். கம்ப்ரஸர் ஓடும்போது அதன் குமிழை ஸ்க்ரூ டிரைவரால் வலப்பக்கமாக மெதுவாகத் திருப்பினால் ஓரிடத்தில் 'க்ளிக்' என்று கம்ப்ரஸர் நிற்கும், கொஞ்ச நேரத்தில் உள்ளே சொட்டுச் சத்தம் கேட்கும். கையால் திருப்பினால் உருகுகிறது, தானாக உருகுவதில்லை என்றால் டைமர் மோட்டார் போயிருக்கிறது. இதுவும் மலிவான பாகம்தான், தயங்காமல் மாற்றலாம். இன்வெர்ட்டர் ஃப்ரிட்ஜ்களில் டைமர் கிடையாது. எலக்ட்ரானிக் போர்டும் வெப்பம் அறியும் சென்சாரும் அந்த வேலையைப் பார்க்கின்றன. சென்சார் 25 டிகிரியில் சில மாடலில் 5 கிலோ ஓம், சிலவற்றில் 10 கிலோ ஓம். தப்பான மதிப்புள்ள சென்சாரை மாட்டினால் போர்டு தப்புக் கணக்குப் போட்டுக்கொண்டே இருக்கும்.

ஃபேனையும் மறந்துவிட வேண்டாம். கதவைத் திறந்ததும் ஃபேன் நிற்கும் என்பதால் அது ஓடுவதையே பலர் பார்த்திருக்க மாட்டார்கள். கதவு ஸ்விட்ச்சை விரலால் அழுத்திக்கொண்டு காது கொடுங்கள். சத்தமே இல்லையென்றால் ஃபேன் மோட்டாரையோ அந்த ஸ்விட்ச்சையோதான் பார்க்க வேண்டும்.

காய்கறி ட்ரேக்கு அடியில் தண்ணீர் தேங்கினால் எந்தப் பாகமும் வாங்க வேண்டாம். உருகிய தண்ணீர் இறங்கும் வடிகால் ஓட்டை அடைத்திருக்கிறது. காயிலுக்குக் கீழே இருக்கும் அந்த ஓட்டையில் வெந்நீரில் கொஞ்சம் சோடா உப்பு கரைத்து, ஊசியில்லாத பெரிய சிரிஞ்சால் அழுத்தி விட்டால் பெரும்பாலும் திறந்துவிடும். அந்தத் தண்ணீர் பின்னால் கம்ப்ரஸர் மேல் உள்ள தட்டில் வந்து சேரும். ஏடிஸ் கொசு முட்டையிடும் இடங்களில் இதுவும் ஒன்று. வீடு வீடாக வரும் டெங்கு தடுப்புப் பணியாளர்கள் ஃப்ரிட்ஜின் பின்பக்கத்தை எட்டிப்பார்ப்பது இதற்காகத்தான். வாரம் ஒருமுறை கொட்டித் துடைத்துவிடுங்கள்.

டோர் ரப்பர், அதாவது கேஸ்கட்: பாதிப் பேர் தேவையில்லாமல் வாங்குவது. ஏதாவதொரு ரூபாய் நோட்டைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். எளிதாக வந்துவிடும் இடத்தில்தான் கசிவு. முதலில் சோப்புத் தண்ணீரில் மடிப்புகளுக்குள் இருக்கும் பிசுக்கைத் துடையுங்கள். ரப்பர் கோணியிருந்தால் ஹேர் டிரையரின் இளஞ்சூட்டில் நிமிர்த்தி, கதவை மூடி ஆறவிடுங்கள். கிழிந்திருந்தாலோ காந்தம் பிடிக்காவிட்டாலோதான் புதிது. அப்போதும் மாடல் எண் சொல்லி வாங்குங்கள், மீட்டர் கணக்கில் வெட்டித் தரும் ரப்பரில் மூலை பொருந்தாது.

கம்ப்ரஸர் சில நிமிடத்துக்கு ஒருமுறை 'டக்' என்று முயன்று நின்றுபோனால் அதைக் கிளப்பிவிடும் ரிலேயைப் பாருங்கள். பக்கவாட்டு மூடியைத் திறந்து பிடிசி ரிலேயை உருவி ஆட்டுங்கள். உள்ளே கலகலத்தால் உடைந்துவிட்டது. கம்ப்ரஸர் மிகையாகச் சூடானால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஓவர்லோடையும் சேர்த்தே வாங்குங்கள், இரண்டும் அந்தக் கம்ப்ரஸருக்கு உரிய மதிப்பில் இருக்க வேண்டும். இது சாதாரணக் கம்ப்ரஸருக்கு மட்டும். இன்வெர்ட்டர் கம்ப்ரஸரில் இந்த ரிலே இல்லை. அதன் போர்டில் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும், கை வைக்காதீர்கள்.

இனி சேவை என்ற பெயரில் விற்கப்படும் 'கேஸ் ஃபில்லிங்'. ஃப்ரிட்ஜ் கேஸ், வண்டிக்குப் பெட்ரோல் மாதிரி ஓட ஓடத் தீர்வதில்லை. மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது. குறைந்திருந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது. காயில் முழுவதும் மெல்லிய பனி படிவதற்குப் பதில், கேபிலரி என்ற மெல்லிய குழாய் நுழையும் இடத்தில் மட்டும் பனி திரண்டு மற்ற பகுதி காய்ந்திருந்தால் கேஸ் குறைவு என்று சந்தேகிக்கலாம். அப்போதும் கேட்க வேண்டியவை மூன்று: கசிவு எங்கே? குழாயில் ஈரத்தையும் தூசியையும் பிடிக்கும் ஃபில்டர் டிரையரை மாற்றுவீர்களா? குழாயிலிருந்து காற்றை உறிஞ்சி எடுக்கும் வாக்யூம் பம்ப் கொண்டுவந்திருக்கிறீர்களா? மூன்றுக்கும் ஒழுங்கான பதில் இல்லையென்றால் காசு கொடுக்காதீர்கள். கம்ப்ரஸர் ஸ்டிக்கரில் ஆர்-600ஏ என்றிருந்தால் அது ஐசோபியூட்டேன், எரியக்கூடிய வாயு. சில பத்து கிராம்தான் இருக்கும், அதனால் தராசில் நிறுத்தே நிரப்ப வேண்டும். கேஸை முழுவதும் வெளியேற்றாமல் அந்தக் குழாயில் நெருப்பு வைக்கக் கூடாது.

பக்கச் சுவர்கள் சூடாக இருப்பது கோளாறு அல்ல. இப்போதைய மாடல்களில் வெப்பத்தை வெளியே விடும் கண்டன்ஸர் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது. சுவரிலிருந்து கொஞ்சம் தள்ளி வைத்தால் போதும்.

ஐஸ் மேக்கருக்கு வருவோம். நம் ஊர் டபுள் டோர் விளம்பரங்களில் ஐஸ் மேக்கர் என்று போடுவது பெரும்பாலும் குமிழைத் திருகினால் கட்டி கீழே விழும் பிளாஸ்டிக் தட்டு. அதில் பழுதாக எதுவும் இல்லை, விரிசல் விட்டால் தட்டை மட்டும் மாற்றலாம். தண்ணீர்க் குழாய் இணைக்கும் சைடு பை சைடு மாடல்தான் உண்மையான தானியங்கி. இதை வாங்கியவர்களின் பெரும் புகாரான "ஐஸ் வரவில்லை", "கட்டி சின்னதாக, உள்ளே பொள்ளலாக வருகிறது" இரண்டுக்கும் காரணம் பெரும்பாலும் ஃப்ரிட்ஜில் இல்லை, மொட்டைமாடியில் இருக்கிறது.

பல மாடல்கள் குறைந்தது 20 பிஎஸ்ஐ அழுத்தம் கேட்கும். மேல்நிலைத் தொட்டியிலிருந்து அது கிடைக்க ஏறக்குறைய 14 மீட்டர் உயரம் வேண்டும். ஒரு மாடி வீட்டில், தொட்டி 7 மீட்டர் உயரத்தில் இருந்தால் கிடைப்பது 10 பிஎஸ்ஐ. அழுத்தம் குறைந்தால் தண்ணீர் குறைவது மட்டுமல்ல, ஃப்ரிட்ஜுக்குள் தண்ணீரை விடும் இன்லெட் வால்வு இறுக மூடவும் அழுத்தம் வேண்டும். மூடாத வால்வு சொட்டும், சொட்டிய தண்ணீர் நிரப்பும் குழாயிலேயே உறையும், ஐஸ் அடியோடு நின்றுவிடும். குழாயை ஹேர் டிரையரால் உருக்கிவிட்டாலும் மறுபடி உறையும். வால்வை மாற்றினாலும் அழுத்தம் மாறாதவரை அதே கதைதான்.

ஆர்ஓ மெஷினிலிருந்து இணைத்தால் இன்னொரு சிக்கல். அதற்குள் இருக்கும் பம்ப் மெம்பிரேனுக்குத் தண்ணீரைத் தள்ளுகிறது, வெளியே வருவது பிளாஸ்டிக் தொட்டியிலிருந்து தானாக இறங்கும் தண்ணீர். அதனால் தொட்டிக்கும் ஃப்ரிட்ஜுக்கும் நடுவே தனி பூஸ்டர் பம்ப்பும், அழுத்தம் ஏறியதும் அதை நிறுத்தும் ஸ்விட்ச்சும் தேவை. இவற்றைச் சேர்த்து வாங்குவது நல்ல செலவு. போர் தண்ணீரை நேராக இணைக்காதீர்கள். வால்வின் சல்லடையில் உப்பு படியும், உருகிய ஐஸில் வெள்ளைத் துகள் மிதக்கும்.

ஃப்ரிட்ஜின் தண்ணீர் ஃபில்டரை 6 மாதத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்வார்கள். அதற்குள் ஐஸ் குறைந்தால் ஃபில்டரைக் கழற்றி, அதன் இடத்தில் பைபாஸ் மூடியை (ஃபில்டர் இல்லாமலே தண்ணீரை விடும் மூடி) போட்டுப் பாருங்கள். ஐஸ் சரியாக வந்தால் ஃபில்டர் அடைத்திருக்கிறது. பின்னால் குழாயில் மாட்டும் வகையில் அம்புக்குறி தண்ணீர் போகும் திசையில் இருக்க வேண்டும். புது ஃபில்டர் போட்டதும் சுமார் 10 லிட்டர் வடித்துக் கொட்டுங்கள், முதல் சில ஈடு ஐஸையும் எறிந்துவிடுங்கள்.

தண்ணீர் நன்றாக வந்தும் ஐஸ் இல்லையென்றால் ஃப்ரீசர் மைனஸ் 18-ல் இருக்கிறதா என்று பாருங்கள். அச்சு போதிய அளவு குளிராமல் இயந்திரம் கட்டியைத் தள்ளாது. ஐஸ் நிறைந்ததும் இயந்திரத்தை நிறுத்தும் கம்பி மேலே தூக்கியிருக்கிறதா என்பதும் பார்க்க வேண்டியது. பிறகு சோதனை பட்டனைச் சில விநாடி அழுத்திப் பிடியுங்கள், அடியில் ஐஸ் பெட்டி இருக்கட்டும். தட்டு திரும்பியும் தண்ணீர் வராவிட்டால் வால்வு அல்லது உறைந்த குழாய். தட்டு திரும்பவே இல்லையென்றால் மோட்டார் தலை போயிருக்கிறது. உள்ளே இருக்கும் பல்சக்கரத்தைத் தனியாக விற்கும் கடைகள் உண்டு, அதில் காசைப் போடாதீர்கள். ஃப்ரிட்ஜின் உட்சுவர் ஸ்டிக்கரில் உள்ள முழு மாடல் எண்ணைக் கொடுத்து முழு அசெம்பிளியாக வாங்கினால் சில திருகையும் ஒரு கனெக்டரையும் கழற்றி மாட்டுவதோடு வேலை முடிந்துவிடும்.