ரயில் வந்துவிட்டது, ஸ்டேஷனுக்குப் போகத்தான் வழி வேண்டும்: ஹெர்ன்டனில் 12 வருடம்

வர்ஜீனியா மாநிலத்தின் ஃபேர்ஃபாக்ஸ் கவுண்டியில் ஹெர்ன்டன் என்று ஒரு சிற்றூர். நாங்கள் இங்கே குடிவந்தது 2013-இல். எனக்கு வேலை வாஷிங்டன் நகரத்துக்குள், மனைவிக்கு வழியில் இருக்கும் டைசன்ஸில். இந்தப் பன்னிரண்டு வருடத்தில் கார், பஸ், ரயில், சைக்கிள், நடை என்று எல்லாவற்றிலும் வேலைக்குப் போய்ப் பார்த்தாயிற்று. இந்தப் பக்கம் வீடு தேடும் நண்பர்கள், "மெட்ரோதான் வந்துடுச்சே, ஒரு கார் போதுமில்ல?" என்று கேட்கிறார்கள். ஆமாம் என்றும் சொல்ல முடியவில்லை, இல்லை என்றும் சொல்ல முடியவில்லை.

நாங்கள் வந்தபோது வாஷிங்டன் மெட்ரோ ரயிலின் சில்வர் லைன் தடம் கிடையாது. நகரத்துக்கு நேர் வழி என்றால் டல்லஸ் (Dulles) டோல் சாலை என்ற கட்டணச் சாலையில் போய் ஐ-66 நெடுஞ்சாலையைப் பிடிக்க வேண்டும். ஆனால் வாஷிங்டனைச் சுற்றி ஓடும் வளையச் சாலைக்கு உள்ளே இருக்கும் ஐ-66 பகுதியில் அப்போது காலை நெரிசல் நேரத்தில் காரில் குறைந்தது இரண்டு பேர் இருக்க வேண்டும். தனியாக ஓட்டிப் போனால் போலீஸ் மடக்கும். அதனால் எதிர் வீட்டுக்காரரோடு சேர்ந்து போவேன். அவருக்கு ஜலதோஷம் என்றால் எனக்கும் அன்று வழி இல்லை. அந்த மாதிரி நாட்களில் ஹெர்ன்டன் பார்க்கிங் வளாகத்திலிருந்து பஸ் பிடித்து வெஸ்ட் ஃபால்ஸ் சர்ச் ஸ்டேஷன் போய், அங்கே ரயில் மாறுவேன். வீட்டு வாசலிலிருந்து மேசை வரை ஒன்றரை மணி நேரம்.

2014 ஜூலை 26 அன்று சில்வர் லைனின் முதல் பகுதி திறந்தார்கள். ஐந்து புது ஸ்டேஷன்கள், கடைசி ஸ்டேஷன் வீலி-ரெஸ்டன் ஈஸ்ட். அங்கேயிருந்து எங்கள் வீடு மூன்று மைலுக்கு மேல். அடுத்த பகுதி 2018-இல் வந்துவிடும், நம் ஊரிலேயே ஸ்டேஷன் என்று எல்லோரும் காத்திருந்தோம். கான்கிரீட் பலகைகளில் கோளாறு, மறு பரிசோதனை, ஒப்பந்தச் சிக்கல் என்று இழுத்து, கடைசியில் திறந்தது 2022 நவம்பர் 15. பிறந்த குழந்தை பள்ளிக்கூடம் சேரும் அளவுக்குத் தாமதம். சரி, வந்ததே பெரிது.

இந்த ஊருக்கு ரயில் புதிதே அல்ல என்பதுதான் வேடிக்கை. 19-ஆம் நூற்றாண்டின் நடுவிலேயே இங்கே ரயில் ஓடியது. வாஷிங்டன் அண்ட் ஓல்டு டொமினியன் என்று பின்னாளில் பெயர் பெற்ற அந்தத் தடம் ஊரின் நட்டநடுவில் போனது. 1951-இல் பயணிகள் சேவை நின்றது, 1968-இல் சரக்கு வண்டியும் நின்றது. பழைய ஸ்டேஷன் கட்டடம் இன்னும் கடைத்தெருவில் நிற்கிறது, இப்போது அருங்காட்சியகம். தண்டவாளத்தைப் பிடுங்கிய இடத்தில்தான் டபிள்யூ அண்ட் ஓ.டி. பாதை. ஷர்லிங்டனிலிருந்து பர்சல்வில் வரை 45 மைல், நடக்கவும் சைக்கிள் ஓட்டவும். பழைய ரயில் கடைத்தெருவுக்கே வந்தது. புது ரயிலோ எட்டு வழி நெடுஞ்சாலைக்கு நடுவில் வந்து நிற்கிறது.

என் பன்னிரண்டு வருட அனுபவத்தின் சாரமே இந்த வித்தியாசம்தான். பக்கத்து ஊரான ரெஸ்டனிலும் ஹெர்ன்டனிலும் ஸ்டேஷன்கள் டோல் சாலையின் நடுத் திட்டில் இருக்கின்றன. கட்டுவதற்கு அது சுலபம், நிலம் ஏற்கெனவே கையில் இருந்தது. ஆனால் ஒரு ஸ்டேஷனைச் சுற்றிப் பத்து நிமிட நடையில் எத்தனை வீடு இருக்கிறது என்பதுதானே கணக்கு? அந்த வட்டத்தில் கணிசமான பகுதியை நெடுஞ்சாலையும் அதன் ஏற்று வழிகளும் தின்றுவிடுகின்றன. நடைமேடையில் நின்றால் இரு பக்கமும் லாரி இரைச்சல், போனில் பேச முடியாது. ரயிலை விட்டு இறங்கி, எஸ்கலேட்டர் ஏறி, நெடுஞ்சாலைக்கு மேலே போகும் நடைபாலத்தைத் தாண்டி வடக்கு வாசலுக்கு வந்தால்தான் ஊர்ப் பக்கம் கால் வைக்க முடியும்.

அந்தப் பாலத்தில் நடக்கும்போதே கீழே என் பஸ் கிளம்பிப் போவதைப் பார்த்த நாட்கள் உண்டு. மாலை ஏழு மணிக்கு மேல் அடுத்த பஸ் அரை மணி நேரம் கழித்து. ரயில் இரண்டு நிமிடம் தாமதம், அவ்வளவுதான். இதில் யாரையும் திட்ட முடியவில்லை, பஸ் அதன் நேரத்துக்குத்தான் போனது. ஆனால் நாற்பத்தைந்து நிமிடம் சொகுசாக வந்த பயணம், கடைசி ஒன்றரை மைலில் கைவிட்டுவிடும். முதல் பகுதி திறந்தபோதும் இரண்டாம் பகுதி திறந்தபோதும் பஸ் தடங்களை ஸ்டேஷனைச் சுற்றி மாற்றி அமைத்தார்கள். காலையில் அது நன்றாகவே வேலை செய்கிறது. இரவிலும் ஞாயிற்றுக்கிழமையும்தான் இடிக்கிறது.

நடந்தே போகலாமே என்பீர்கள். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். நடைபாதை ஒழுங்காக வரும், ஓரிடத்தில் புல்வெளிக்குள் போய் முடிந்துவிடும். எதிர்ப்பக்கம் தொடரும். அங்கே போக சிக்னலில் பொத்தானை அழுத்திக் காத்திருக்க வேண்டும், பச்சை மனிதன் வந்தால் ஓடாத குறையாகக் கடக்க வேண்டும். ஒருமுறை கைக்குழந்தை வண்டியோடு அந்தப் புல்லில் தள்ளிக்கொண்டு போய், சக்கரத்தில் சேறு அப்பி, பாதி வழியில் வண்டியைத் தூக்கிக்கொண்டே வந்தேன். ஓர் அலுவலகத்துக்கு எழுதினேன். அந்தச் சாலை எங்களுடையதல்ல என்று பணிவாகப் பதில் வந்தது.

அந்தப் பதில் பொய்யில்லை. வர்ஜீனியாவில் 1932-இல் பேர்ட் சாலைச் சட்டம் என்று ஒன்று கொண்டுவந்தார்கள். பொருளாதார மந்தத்தில் திணறிய கவுண்டிகளிடமிருந்து சாலைகளை மாநிலமே எடுத்துக்கொண்டது. இன்றும் ஆர்லிங்டன், ஹென்ரைக்கோ என்ற இரண்டு கவுண்டிகளைத் தவிர மற்ற கவுண்டிகளில் தெருக்கள்கூட மாநிலத்தின் பொறுப்பு. ஹெர்ன்டன் தனி நகராட்சி என்பதால் ஊருக்குள் இருக்கும் தெருக்களை அதுவே பார்த்துக்கொள்கிறது. எல்லைக்கோட்டைத் தாண்டினால் வேறு கதை. 11 லட்சம் பேருக்கு மேல் வாழும் ஃபேர்ஃபாக்ஸ் கவுண்டியால் தன் பணத்தைப் போட்டுக்கூட நடப்பவர்கள் சாலையைக் கடக்க ஒரு பட்டையைத் தன் இஷ்டத்துக்கு வரைந்துவிட முடியாது. இது தெரிந்த பிறகு கோபம் குறைந்தது, எந்தக் கூட்டத்தில் போய் எதைக் கேட்பது என்பதும் புரிந்தது. புதிதாக வருகிறவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது ரயில் நேரம் அல்ல, எந்தச் சாலை யாருடையது என்பதுதான்.

என்னைக் காப்பாற்றியது சைக்கிள். 2016-இல் பழைய சைக்கிள் ஒன்று வாங்கி, டபிள்யூ அண்ட் ஓ.டி. பாதையில் வீலி ஸ்டேஷன் வரை போக ஆரம்பித்தேன். மூன்று மைல், இருபது நிமிடம். ஸ்டேஷனில் பூட்டிய அறையில் சைக்கிளை விடலாம். ரயில் தடமாக இருந்த பாதை என்பதால் ஏற்றம் இறக்கம் மிதமாகத்தான் இருக்கும், மூச்சு வாங்காது. மேலே உயர் அழுத்த மின்கம்பிகள் கூடவே வரும். பக்கத்தில் ஒரு சரளைப் பாதை, அது குதிரைக்காரர்களுக்கு. அலுவலகத்துக்குப் போகிற வழியில் குதிரைக்கு வழிவிட்டு நின்றேன் என்று ஊரில் சொன்னால் என் அண்ணன் நம்பவில்லை.

குறைகளும் சொல்லிவிடுகிறேன். பாதையில் பெரும்பாலும் விளக்கு கிடையாது. நவம்பரில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளியதும் மாலை ஐந்தரைக்கே கும்மிருட்டு. ஒருநாள் என் முன்விளக்கின் வெளிச்சத்தில் திடீரென்று ஆறு பச்சைப் புள்ளிகள். மூன்று மான்கள், பாதையை அடைத்துக்கொண்டு. பிரேக் பிடித்ததில் நான் விழுந்தேன், அவை நிதானமாகப் போயின. முழங்கை சிராய்ப்பு ஆற இரண்டு வாரம் ஆனது. அன்றைக்கே இரண்டாவது விளக்கு வாங்கினேன், ஒன்று ஹேண்டில்பாரில், இன்னொன்று ஹெல்மெட்டில். பனிக்காலத்தில் மரப்பாலங்கள் மீது கண்ணாடிபோல் உறைந்திருக்கும், அங்கே இறங்கித் தள்ளிக்கொண்டு போவதுதான் புத்திசாலித்தனம். அப்புறம், பெரிய சாலைகளைப் பாதை குறுக்கே கடக்கும் இடங்கள். ஒரு தடக் கார் நின்று வழிவிடும், பக்கத்துத் தடக் கார் நிற்காது. நின்றவர் கையசைத்தாரே என்று நம்பிக் காலை எடுத்து வைக்காதீர்கள்.

2019 ஜனவரியிலிருந்து நெரிசல் நேரத்திலும் ரயிலில் சைக்கிள் ஏற்றலாம் என்று மெட்ரோ விதியைத் தளர்த்தியது. பெரிய உதவி. ஆனால் டைசன்ஸ் தாண்டியதும் கூட்டம் ஏறிவிடும், சைக்கிளோடு நிற்பவனைப் பார்க்கும் பார்வைகள் எந்த விதியிலும் தளராது. நான் சைக்கிளை ஸ்டேஷனிலேயே விட்டுவிடுகிறேன்.

ரெஸ்டன் பக்கம் வீடு என்றால் உங்களுக்கு யோகம். 1964-இல் ராபர்ட் இ. சைமன் திட்டமிட்டுத் தொடங்கிய நகரம் அது. அவர் பெயரின் முதலெழுத்துகள்தான் ஊர்ப் பெயரின் தொடக்கமே. சாலைக்குக் கீழே சுரங்க வழிகளோடு 55 மைல் நடைபாதை, மரங்களுக்கு நடுவே. குழந்தைகள் சாலையைத் தொடாமலே பள்ளிக்குப் போகிறார்கள். முதலிலேயே யோசித்துக் கட்டியதற்கும் பின்னால் ஒட்டுப்போடுவதற்கும் உள்ள தூரம் ஹெர்ன்டனிலிருந்து ரெஸ்டனுக்கு நடந்தால் காலுக்கே தெரியும்.

கார் விஷயத்துக்கு வருகிறேன். 2017 டிசம்பரில் வளையச் சாலைக்குள்ளே ஐ-66 தனியாக ஓட்டுபவர்களுக்கும் திறந்தது, ஆனால் நெரிசலுக்கு ஏற்ப ஏறி இறங்கும் கட்டணத்தோடு. முதல் வாரத்திலேயே ஒரு வழிக்கு 40 டாலரைத் தொட்டுத் தலைப்புச் செய்தி ஆனது. நண்பர்கள் குழுவில் ஒரே புலம்பல். எனக்கு அந்தத் திட்டம் பிடித்திருக்கிறது என்று சொன்னால் இன்றும் சண்டைக்கு வருவார்கள். அந்தப் பணத்தில் ஒரு பங்கு பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் போகிறது. இலவசமாகப் போக இரண்டு பேர் போதும் என்றிருந்ததை 2022 டிசம்பரில் மூன்று பேர் ஆக்கினார்கள், அதோடு எதிர் வீட்டுக் கூட்டணி முறிந்தது. டல்லஸ் டோல் சாலையில் 2023-லிருந்து முக்கியச் சாவடியில் 4 டாலர், ஏற்று வழியில் 2 டாலர். சில்வர் லைன் கட்டிய கடனில் பெரும்பகுதியை அந்த வசூல்தான் அடைக்கிறது. ரயிலில் ஏறாதவர்கள் ரயிலுக்குப் பணம் கட்டுகிறார்கள் என்று கார் ஓட்டுபவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. வார நாளில் ரயில் கட்டணமும் ஒரு வழிக்கு 6.75 டாலர் வரை போகிறது, ஆக செலவை மட்டும் பார்த்து யாரும் ரயிலுக்கு மாறுவதில்லை. நான் மாறியது தூங்கிக்கொண்டு போகலாம் என்பதற்காக.

மனைவியின் கணக்கு வேறு. ஹெர்ன்டனிலிருந்து டைசன்ஸுக்கு ரயிலில் கால் மணி நேரத்துக்குச் சற்று மேல். ஆனால் அவளுடைய அலுவலகத்தில் பார்க்கிங் இலவசம், ரயில் பாஸுக்கு ஒரு காசு கிடையாது. "ரயில்ல போனா எனக்கு அபராதம் போட்ட மாதிரி இருக்கு" என்பாள். வாரத்தில் ஒருநாள் போகிறாள், அதுவும் மழை இல்லாவிட்டால்.

நடுவில் சோதனைகளும் வந்தன. 2021 அக்டோபரில் ஆர்லிங்டனில் ஒரு ரயில் தடம் புரண்டது. சக்கரங்களில் கோளாறு என்று தெரிந்து, மொத்தப் பெட்டிகளில் 60 சதவீதத்தை ஓட்டத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். பல மாதங்கள் ரயிலுக்கான காத்திருப்பு பயணத்தைவிடச் சோர்வாக இருந்தது. அப்போது வாரம் மூன்று நாள் வீட்டிலிருந்தே வேலை என்பதால் தப்பித்தேன். இன்று நிலைமை வெகுவாக மாறிவிட்டது. 2025 மே மாதத்திலிருந்து மெட்ரோ கார்டு வாங்காமல் வங்கி அட்டையையே வாசலில் தட்டி உள்ளே போகலாம்.

டல்லஸ் விமான நிலையத்துக்கும் ரயில் போகிறது. டல்லஸ் ஸ்டேஷனில் இறங்கி, நகரும் நடைபாதையில் ஏறினால் சில நிமிடத்தில் முனையம். தனியாக ஒரு பையோடு போகிறவருக்கு அருமை. இந்தியாவிலிருந்து 23 கிலோ பெட்டி இரண்டோடு வரும் அத்தையை அழைத்துவர நினைக்காதீர்கள், ஊறுகாய் பாட்டில் மேல் ஆணை.

2025 ஜூன் 22-இலிருந்து சில்வர் லைன் ரயில்களில் பாதி நியூ காரல்டன் வரை போகின்றன. மேரிலாந்தின் லேனம் சிவா விஷ்ணு கோயிலுக்குப் பக்கத்து ஸ்டேஷன் அது. போன கோடையில் அம்மா வந்திருந்தபோது, ஒரு சனிக்கிழமை காரை எடுக்காமல் கிளம்பினோம். வார இறுதியில் எவ்வளவு தூரம் போனாலும் 2.50 டாலர்தான். ஹெர்ன்டனில் ஏறி, மாறாமல், அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து போடோமாக் ஆற்றைப் பார்க்கக் காத்திருந்து, அது ஆற்றுக்கு அடியில் போகும் சுரங்கம் என்று தெரிந்ததும் என்னை முறைத்து, ஒன்றேகால் மணி நேரத்தில் இறங்கினோம். இன்னும் சில மைல் இருக்கிறது கோயிலுக்கு.

"எப்படிடா போறது?" என்றார் அம்மா. போனில் டாக்ஸி தேடிக்கொண்டிருந்தேன்.